"எத்தனை பேருங்க?": அரசு வீட்டின் அளவு பற்றி ஒரு குறிப்பு

அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை பேருங்க?" என்பதைத்தான். அட்வான்ஸ், வாடகை எல்லாம் அப்புறம். தண்ணீரும் கக்கூஸும் பொது என்பதால் அவருக்கு ஆள் கணக்கு முக்கியம். பாத்திரப் பட்டறைக்காரரோ, பனியன் கம்பெனி டெய்லரோ, இதற்குப் பதில் சொல்லாமல் சாவி கிடைக்காது. ஆனால் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு அங்கே பெரிய இடமே இல்லை.

ஆரம்பத்தில் அப்படி இல்லைங்க. 1952-ல் மத்திய அரசு கொண்டுவந்த தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு அறை வீடு, இரண்டு அறை வீடு என்று ரகம் இருந்தது. 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு சூத்திரம் வகுத்தது. ஒருவர் சம்பாதிக்கும் குடும்பம் என்றால் 3 நுகர்வு அலகு. வீட்டுச் செலவுக்கு, மேலே சொன்ன திட்டத்தின் குறைந்தபட்சப் பரப்புக்கான வாடகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பம், கூலி, வீடு மூன்றும் ஒரே கணக்கில் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அது சராசரிக் குடும்பம். வயதான அப்பா அம்மாவுக்கு அதில் தனி இடம் இல்லை.

தமிழ்நாட்டில் 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971-ல் அதற்கான சட்டம். கணக்கெடுப்பில் வரும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பதே அடிப்படை. அந்த வீடு எவ்வளவு பெரிசு என்பதை அந்தந்தக் காலத்துத் திட்டம் முடிவு செய்தது. 2001-ல் வந்த வால்மீகி அம்பேத்கர் திட்டத்தில் குறைந்தபட்சம் 15 சதுர மீட்டர், அதாவது சுமார் 161 சதுர அடி. 2005-ல் தொடங்கிய நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் 25 (சுமார் 269 சதுர அடி). 2015-ன் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், நலிந்த பிரிவினருக்கு 30 வரை (சுமார் 323 சதுர அடி). வீடு பெரிசானது உண்மை. ஆனால் ஆளைப் பார்த்து அல்ல, ஆண்டைப் பார்த்து.

இந்தக் கடைசித் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கும், மூன்று பிள்ளைகளோடு விதவைத் தாயையும் வைத்துப் பார்க்கிற குடும்பத்துக்கும் அதே அளவுதான். தேவையைப் பார்க்கிற ஒரே இடம் மாடி ஒதுக்கீடு. முதியோர், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளத்தில் முன்னுரிமை. வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5% ஒதுக்கீடு என்று 2016 சட்டமும் சொல்கிறது. மற்றவர்களுக்குக் குலுக்கல்.

ஒரு புரோகிராமராக எனக்கு முதலில் தோன்றியது, "இதை ஒரு சின்ன அல்காரிதம் முடிச்சிருமே" என்பதுதான். ஆள் எண்ணிக்கையை வரிசைப்படுத்து, வீட்டு அளவோடு பொருத்து, அவ்வளவுதான். ஆனால் யோசித்தால் குலுக்கலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. "பெரிய குடும்பத்துக்குப் பெரிய வீடு" என்று விதி வந்த மறுநாளே ரேஷன் கார்டில் பெயர்கள் கூடும். யாருக்குப் பெரியது என்று முடிவு செய்கிற ஒருவர் வருவார், அவரைப் பிடிக்கப் புரோக்கர் வருவார். குலுக்கலில் அந்த வேலை நடக்காது.

வெளிநாட்டில் இதை விதியாக்கியும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2013 ஏப்ரல் முதல், சமூக வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் வாடகைக்கான உதவித்தொகையில் 14%, இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25% வெட்டு. 10 வயதுக்குள் எந்தக் குழந்தைகளும், 16 வயதுக்குள் ஒரே பாலினக் குழந்தைகளும் ஒரு அறையைப் பகிரணும். கணக்கு சரி. ஆனால் மாறிப் போகச் சின்ன வீடு போதுமான அளவு இல்லாத ஊர்களில் அது வெறும் தண்டனையாகிவிட்டது. பல அளவில் வீடு கட்டாமல் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

நம்மூர் நிலைக்கு நெருங்கி வந்தது 2020 ஜூலையில், ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, அறிவித்த வாடகைக் குடியிருப்புத் திட்டம். தங்கும் கூடத்தில் ஒரு படுக்கைக்கு 10 சதுர மீட்டர் வரை, ஒரு படுக்கையறை வீடு 30 வரை, இரண்டு படுக்கையறை 60 வரை. இந்தக் கடைசி ரகம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகக்கூடாது. தனி ஆள், ஜோடி, குடும்பம் என்று திருப்பூர் லைன் வீட்டுக்காரர் பிரிப்பது போலவே இருக்கு, பாருங்க.

சிக்கல் என்னவென்றால் இது வாடகை. வாடகை என்றால் குடும்பம் வளரும்போது மாறிப்போகலாம். ஆனால் முப்பது வருஷம் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர் கேட்பது பத்திரம். பத்திரம் கைக்கு வந்தால் அளவு உறைந்துவிடும். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே 30 சதுர மீட்டரில் திரை கட்ட வேண்டியதுதான்.

இரண்டையும் சேர்க்க முடியும். குலுக்கல் இருக்கட்டும். ஆனால் 2 பேர், 3-4 பேர், 5-க்கு மேல் என்று மூன்று பிரிவாகத் தனித்தனிக் குலுக்கல். கார்டில் பெயர் கூட்டுவதைத் தடுக்க, திட்டம் அறிவிப்பதற்கு முந்தைய ஒரு தேதியின் பதிவை எடுத்துக்கொள்ளலாம். கட்டடம் வரையும் முன்பே எந்தப் பிரிவில் எத்தனை குடும்பம் என்று தெரியணும், அவ்வளவுதான். பயனாளி கணக்கெடுப்புப் படிவத்தில் குடும்ப உறுப்பினர் விவரத்துக்கு ஏற்கெனவே கட்டம் இருக்கிறது. அந்தத் தாள் பிளான் போடுகிறவர் மேஜைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.