மாம்பலம் நிலையத்து வாசல்

மேற்கு மாம்பலத்திலே ஒரு சாலை. பெயர் ‘லேக் வியூ ரோடு’. ஏரியைக் காணும் சாலை என்று பொருள். அங்கே நின்று நாற்புறமும் நோக்கினேன். வீடு தெரிந்தது, கடை தெரிந்தது, மின்கம்பி தெரிந்தது. ஏரி மட்டும் தெரியவில்லை! “ஏரி எங்கே ஐயா?” என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு விடை தேடிப் புறப்பட்டவன், மாம்பலம் இரயில் நிலையத்தின் வாசலில் வந்து நின்றேன்.

ஏரி இருந்தது, தோழர்களே! நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்தது. ‘நீண்ட ஏரி’ என்றே வெள்ளையர் அதை அழைத்தனர். இருப்புப்பாதை அந்தப் பக்கமாகத்தான் சென்றது. 1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் நீதிக்கட்சியும் ஆட்சிக் கட்டில் ஏறியது. சில ஆண்டுகளில் ஏரி தூர்க்கப்பட்டது. வயலும் நீரும் இருந்த இடத்தில் மனைகள் அளக்கப்பட்டன. தேடி வந்த முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்த வெள்ளுடை வேந்தர் தியாகராயரின் பெயர் அந்தப் புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. நடுவிலே பனகல் அரசர் பெயரால் பூங்கா. அப்பால் நடேசனார் பெயரால் இன்னொன்று. உசுமான் பெயரால் ஒரு சாலை, டாக்டர் நாயர் பெயரால் ஒரு சாலை. ஒரு கட்சியின் வரலாற்றைத் தெருப்பலகைகளிலே படிக்கலாம்! ஆனால் படிப்பவர் எத்தனை பேர்? சௌந்தரபாண்டியனார் அங்காடியைப் ‘பாண்டி பஜார்’ என்று சுருக்கி, அந்தப் பாண்டியன் யார் என்பதையே மறந்துவிட்டோம். தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பட்டத்தை நீக்கப் பின்னாளில் ஆணை வந்தது, ‘ஜி.என். செட்டி ரோடு’ என்று பழகிய நாக்குத்தான் அந்த ஆணையை இன்னும் படிக்கவில்லை.

திட்டம் தீட்டியோர் நல்லவர்கள். அகன்ற சாலை, பூங்கா, தோட்டம் சூழ்ந்த வீடு என்று கனவு கண்டார்கள். ஆனால் மனை வாங்கியவர் வேலைக்குப் போகவேண்டுமே! அலுவலகங்களோ கோட்டையிலும் கடற்கரையோரத்திலும் இருந்தன. அந்தத் தொலைவைச் சுருக்கியது 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார இரயில். காலையில் மாம்பலத்தில் ஏறிய எழுத்தர் கோட்டையில் இறங்கினார். மாலையில் வீடு திரும்பினார். பூங்கா ஊருக்கு அழகு தந்தது; ஆளைக் கொண்டுவந்தது தண்டவாளம்.

அதே தண்டவாளம் ஊரை இரண்டாகவும் வகிர்ந்தது. கிழக்கே திட்டமிட்ட தியாகராய நகர். மேற்கே பழைய மாம்பலம், குறுகிய தெருக்கள், தேங்கிய நீர், கொசு. யானைக்கால் நோய்க்குப் பெயர்போன இடம் என்று நெடுங்காலம் மேற்கு மாம்பலத்தை ஏளனம் செய்தார்கள். முன்வினைப் பயன் என்று பெரியவர்கள் பெருமூச்செறிந்த அந்த நோய்க்குக் காரணம் சாக்கடைக் கொசு! பாதைக்கு இப்புறம் வடிகால், அப்புறம் விதியா? இன்றும் பெருமழை பெய்தால் இரு பகுதிகளையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையில் நீர் நிற்கிறது. 2021 நவம்பரில் கிழக்குப் பக்கமும் மிதந்தது. தூர்த்த ஏரி தன் பட்டாவை நினைவூட்டியது போலும்!

வண்டிக்குள்ளே நடந்த மாறுதலையும் எண்ணிப் பாருங்கள். அக்கிரகாரத்தில் நுழையக்கூடாதவன் சீட்டு வாங்கினால் அதே பலகையில் அமரலாம். எனினும் பழைமை எளிதில் விட்டுவிடவில்லை. தென்னிந்திய இரயில்வே நிலையங்களின் உணவுச்சாலைகளிலே ‘பிராமணர்’ என்றும் ‘இதரர்’ என்றும் இடம் பிரித்து வைத்திருந்தனர். பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். 1941இல் அந்தப் பலகைகள் இறங்கின. ஓடும் வண்டி ஒப்புக்கொண்ட சமத்துவத்தை, நிற்கும் நிலையம் ஒப்புக்கொள்ள ஒரு கிளர்ச்சி வேண்டியிருந்தது!

இனி ரங்கநாதன் தெருவுக்கு வருவோம். நிலையத்தையும் உசுமான் சாலையையும் இணைக்கும் சிறு தெரு அது. குடியிருப்பதற்கென்று அமைந்ததே தவிர, அங்காடிக்கென்று எவரும் வரைந்ததல்ல. ஆனால் செங்கற்பட்டிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் வந்து இறங்குவோர் எல்லோரும் அதன் வழியாகத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். கால்கள் போகும் இடத்துக்குக் கடை வராதா? காய்கறி வந்தது, பாத்திரம் வந்தது, துணி வந்தது. திண்ணை கடையாயிற்று, வீடு இடிந்து மாடிமேல் மாடி எழுந்தது. அகலமாகத் திட்டமிட்ட சாலைகளை விட்டு, அகலமே இல்லாத தெருவில் தமிழகத்தின் பெருஞ்சந்தை கூடியது! கல்யாணச் சேலைக்கும் தீபாவளிச் சட்டைக்கும் ஏழை நம்பி வரக்கூடிய இடம். அந்தத் தெருவை இகழ்பவர்கள் அதை மறக்கிறார்கள்.

ஆனால் அந்த மலிவின் விலையை யாரோ கொடுக்கிறார்கள். தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் பன்னிரண்டு மணிநேரம் நின்றுகொண்டே துணி விரித்தார்கள், மடித்தார்கள். 2008 செப்டம்பரில் அத்தெருவின் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்தபோது மாண்ட இருவரும் அங்கு வேலை செய்தவர்களே. 2010இல் ‘அங்காடித் தெரு’ என்ற திரைப்படம் அவர்கள் வாழ்வைக் காட்டிய பிறகே பலருக்குக் கண் திறந்தது. கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்ததோ 2021இல்! உட்காருவதற்கு ஒரு சட்டம்! கடைக்குக் கடை போய் இருக்கையைத் தேடிப் பாருங்கள், தோழர்களே, கேளுங்கள்.

2023இல் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. நெரிசலுக்கு மேலே காற்றாட நடக்கலாம். சென்ற வாரம் இரவு அதன் வழியாகத்தான் நிலையத்துக்கு வந்தேன். கடைகள் மூடும் நேரம். தாம்பரம் வண்டியில் ஒரு பெண் ஏறினாள்; கழுத்தில் கடையின் அடையாள அட்டை. எதிரே இடம் கிடைத்தது. அமர்ந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். சைதாப்பேட்டை வருமுன் உறங்கிவிட்டாள்.