ஆக்குவோரும் ஆடுவோரும்: சித்திலெப்பையின் நாவல் முதல் கணினி விளையாட்டு வரை

கலைவடிவம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். அதனை வாங்கியோர், வாசித்தோர், கேட்டோர், ஆடியோர் யாவர் என்பதும், அவர்களிடம் அது எவ்வழியாற் சென்று சேர்ந்தது என்பதும் அடிக்குறிப்புக்குரிய செய்திகளாகிவிடுகின்றன. பெருநிறுவனம் எதனையும் சாராது ஓரிருவரோ சிலரோ கூடி ஆக்கும் கணினி விளையாட்டு இன்று தமிழர் கையிலும் ஒரு வெளிப்பாட்டு வடிவமாக அரும்பியிருக்கிறது. அதனை ஆக்குவது எப்படி என்பது பற்றிப் பேச்சு நிறைய உண்டு; யாருக்காக ஆக்குவது என்பது பற்றிய பேச்சு மிகக் குறைவு. கண்டியிலிருந்து நோக்கும் எமக்கு இவ்வினா புதியதன்று. புதியதொரு வடிவத்தைக் கையிலெடுத்து அதற்குரிய கூட்டத்தைத் தேடி அலைந்தோர் இப்பிரதேசத்தில் முன்னரும் இருந்துள்ளனர்.

1838இற் கண்டியிற் பிறந்து, அங்கேயே வழக்கறிஞராகத் தொழில் புரிந்த மு. கா. சித்திலெப்பை 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்தின் முதற் தமிழ் நாவல் என அது பரவலாகக் கொள்ளப்படுகின்றது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து அப்பொழுது ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. அத்தகைய உரைநடைக் கதையை வாசிக்கும் பழக்கமே தமிழில் வேரூன்றாத காலம் அது. எனினும் சித்திலெப்பை வெறும் வெளியில் நூலை வீசிவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1882இல், 'முஸ்லிம் நேசன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். கல்விக்கூடங்களை நிறுவுவதிலும் இடையறாது ஈடுபட்டார். வாசிக்கத் தெரிந்தோரை உண்டாக்குவது, அவர்களை வாரந்தோறும் சந்திப்பது, பின்னர் அவர்கள் கையிற் கதையைக் கொடுப்பது என்ற ஒழுங்கு இதிலே தெரிகின்றது. திட்டமிட்ட ஒழுங்கோ அன்றோ, விளைவு அதுவே. எகிப்தைக் கதையின் ஒரு களமாகக் கொண்டதும் கவனிக்கத்தக்கது. பிரித்தானியரை எதிர்த்துத் தோல்வியுற்ற அறபி பாஷா 1883இன் தொடக்கத்தில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். 1892 முதல் 1901 வரை கண்டியிலேயே வாழ்ந்தார். எனவே எகிப்து என்ற பெயர் அன்றைய முஸ்லிம் வாசகர்க்குத் தூரத்துப் பெயராக இருந்திராது. வடிவம் புதியது, ஆனால் வாசகன் நுழைவதற்கு அவனுக்குத் தெரிந்த கதவு ஒன்று திறந்திருந்தது.

நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு பொருத்திக் காணும் பார்வையை க. கைலாசபதி தமது 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்ற நூலில் வலியுறுத்தினார். அப்பார்வையை நாம் இங்கே சற்று நீட்டிப் பார்க்கலாம். 1885இற் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்த தமிழருட் பெருந்தொகையினர் வழக்கறிஞரோ வணிகரோ அல்லர், தோட்டத் தொழிலாளர். 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டிருந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டிலேயே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதமும் வந்துவிட்டது. பத்திரிகையும் புத்தகமும் ஏறி வந்த அந்த வண்டியிலிருந்து லயத்துக்கு அவை இறங்கவில்லை. அங்கே எழுத்தறிந்தோர் மிகச் சிலர். கண்டி மண்ணிலிருந்து எழுந்த தமிழ் நாவல் கண்டி மலைகளின் தமிழருட் பெரும்பாலோர்க்கு எட்டாததாகவே இருந்தது. இது சித்திலெப்பையின் குற்றமன்று, வடிவத்தின் எல்லை.

அவ்வெல்லையைக் கடந்தவர்கள் வேறொரு வழியைக் கண்டனர். கண்டியிலிருந்து புகையிரதப் பாதையில் மேலேறினால் வரும் ஹற்றனைத் தளமாகக் கொண்டு 1930களில் தொழிற்சங்கப் பணி புரிந்த கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் அச்சியந்திரத்தை நன்கறிந்தவர்கள். ஐயர் பத்திரிகையாசிரியர், நாடகாசிரியர், சட்டசபை உறுப்பினர். வெளியார் தோட்டத்தினுள் நுழைவதே தண்டனைக்குரியதாக இருந்த நிலையிற் புடவை வியாபாரியைப் போல வேடமிட்டு உட்சென்றவர் என அவரைப் பற்றிக் கூறப்படுவதுண்டு. ஆனால் எழுத்தறியாதாரிடம் துண்டுப் பிரசுரம் எவ்வாறு செல்லும்? மீனாட்சி அம்மை பாட்டாக எழுதினார், கூட்டங்களிற் பாடினார், அப்பாட்டுகள் சிறு நூலாகவும் வந்தன. கேட்டவர் நினைவில் வைத்து லயத்துக்குக் கொண்டுபோயிருப்பர். அச்சுத்தாள் ஒன்று, ஆனால் அதன் நுகர்வோர் தாளைத் தொட்டவர்கள் மட்டுமல்லர். தமிழிலக்கிய வரலாறுகள் மீனாட்சி அம்மைக்கு ஒதுக்கியுள்ள இடம் போதாது என்பது எமது கருத்து.

இனி விளையாட்டுக்கு வருவோம். நாவலைப் படிக்காமலே பெட்டியில் வைத்திருக்கலாம், பாட்டைக் காதில் விழவிடலாம். விளையாட்டோ ஆடுவோரின் கை அசைந்தாலன்றி நிகழாது. கண்டிச் சிங்களக் கிராமங்களிற் குன்றிமணியைக் குழிகளிலிட்டு ஆடப்பட்ட ஒலிந்த விளையாட்டும் நமது பல்லாங்குழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஆசிரியர் இல்லை, விற்போர் இல்லை. பலகையைக் குடைந்தவர் ஒருவர், விதியை மறவாதிருந்தவர் ஊரார். கணினி விளையாட்டிலே இவை யாவும் பிரிந்துபோயின. விதி ஒருவர் உடைமை, கருவி இன்னொருவர் உடைமை, கடைவீதி மூன்றாமவர் உடைமை.

ஆக்குங் கருவி மலிந்துவிட்டது உண்மையே. 2005இல் வெளிவந்த யூனிட்டி, 2014இல் மூலநிரலுடன் பொதுவில் விடப்பட்ட கோடோ போன்ற ஆக்கப்பொறிகளைக் கொண்டு ஒரு மாணவன் தன் அறையிலிருந்தே விளையாட்டொன்றைச் செய்துவிட முடியும். ஆனால் அதனை விற்கும் வீதி அவன் கையில் இல்லை. ஸ்டீம் எனும் விற்பனைத் தளம் 2017 முதல் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் நுழைவுக் கட்டணம் அறவிடுகிறது. விற்பனையில் ஏறத்தாழ 30 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. 2023இல் மட்டும் அத்தளத்தில் 14,000க்கு மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிந்தன. இலங்கையிலிருந்து நோக்கும்போது இவ்வெண்களின் முகம் வேறு. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 ரூபாவாக இருந்த அந்த 100 டொலர் மே மாதத்தில் 36,000 ரூபா அளவுக்கு ஏறியது. அம்மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமும் இல்லை. கருவி இலவசம் என்பாரின் கணக்கில் இவை சேர்வதில்லை.

தமிழ் வாழ்வைப் பொருளாகக் கொண்டு உலகக் கவனத்தைப் பெற்ற தனிமுயற்சி விளையாட்டு 'வெண்பா' ஆகும். ரொறன்ரோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு ஆக்கிய அது 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த ஒரு குடும்பம். வெண்பா என்ற தாய், பாவலன் என்ற கணவன், கவின் என்ற மகன். தாயின் தாய் எழுதிய சமையற் குறிப்பேடு சிதைந்து எழுத்துகள் அழிந்துள்ளன. இட்டலித் தட்டுகளை எம்முறையில் அடுக்குவது, புட்டுக்குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எவ்வரிசையில் இடுவது என ஆடுவோரே கண்டுபிடிக்க வேண்டும். வளர்ந்த மகன் அதே குறிப்பேட்டின் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பகுதி இதன் உச்சம். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சிறு ஆக்கம் 2024இற் சுதந்திர விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருதையும் பெற்றது.

இதன் வெற்றியை விருதுகளாலன்றி அது திறந்த கதவினாலேயே நாம் அளக்க விரும்புகிறோம். எகிப்து அன்றைய வாசகனுக்கு எப்படியோ, சமையல் இன்றைய ஆட்டக்காரருக்கு அப்படி. புட்டை அறியாத அயலாரும் சமையலை அறிவர். தாய்மொழி நழுவிய பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆயின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கண்டியிலே புட்டு அன்றாட உணவு. 'வெண்பா'வை ஆடுவதற்கு வேண்டிய விளையாட்டுப் பொறியோ அன்றாடப் பொருளன்று. கண்டித் தெருவில் அதனை வாங்கக்கூடியவர் யாவர் என எண்ணிப் பார்த்தால் 1885இன் நிலை நினைவுக்கு வருகின்றது.

விதிகளாலேயே ஒரு சமூக உண்மையை வாதிடலாம் என்பதற்குப் பழைய சான்றொன்று உண்டு. அமெரிக்கப் பெண்மணியான எலிசபெத் மாகி நிலவாடகையின் அநீதியைக் காட்டுதற்கென ஆக்கிய பலகை விளையாட்டுக்கு 1904இற் காப்புரிமை பெற்றார். மாணவரும் குவேக்கர் சமயக் குடும்பத்தினரும் பலகையைத் தாமே கையால் வரைந்து அதனை ஆடினர். கூட்டத்தை அது தானே தேடிக்கொண்டது. 1935இற் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவருக்கு 500 டொலர் கொடுத்துக் காப்புரிமையை வாங்கியது. உலகம் அறிந்ததோ அதே நிறுவனம் விற்ற 'மொனோபொலி'. நிலவுடைமையைச் சாடிய ஆட்டம் நிலம் சேர்க்கும் ஆட்டமாக வீடுகளுக்குட் புகுந்தது.

மலையகத்துக்கு இது பொருந்துவது ஏனெனில், தோட்டத்து வேலைநாள் ஏற்கெனவே பிறர் வகுத்த ஒரு புள்ளி விதியாக இருப்பதனால். குறித்த கிலோ கொழுந்து பறித்தாற் 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. தராசிலே சாக்கின் நிறை, ஈரம் என்று கழிவு. 2021இல் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, எத்தனை கிலோவுக்கு அந்த ஆயிரம் என்ற கேள்வியே லயங்களில் எழுந்தது. இவ்விதிகளை அவ்வாறே எடுத்து ஒரு விளையாட்டாக அமைத்தால் அதனை ஆடத் தோட்டத்தாருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை; நகரத்தாருக்குத்தான் வேண்டும். கதவு இம்முறை மலைப்பக்கமாகத் திறக்கும். அங்கே வெற்றி பெற வழியில்லாதிருப்பதே விதியாகவும் இருக்கலாம். ஆடியவர் சலித்துக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டால் அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

அத்தகைய ஆக்கம் கையடக்கத் தொலைபேசிக்கென, மலிவான கருவியிலும் ஓடுமாறு, இணையமின்றியும் இயங்குமாறு, தமிழ்க் குரலோடு செய்யப்படல் வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரிந்தோருக்கு மட்டும் செய்தால் மூத்த தலைமுறைப் பெண்கள் பலர் மீண்டும் வெளியே நிற்பர். அது செல்லும் வழியும் விற்பனைத் தளத்தின் வழியாக இராது. பேராதனையில் பயிலும் மலையக மாணவன் விடுமுறைக்கு ஊர் செல்கையில் தன் தொலைபேசியிலிருந்து தங்கையின் தொலைபேசிக்கு அதனை மாற்றுவான். அவளிடமிருந்து அது பள்ளித் தோழிக்கும், அடுத்த லயத்துக்கும் செல்லும். தளத்தின் கணக்கேட்டில் அவற்றுள் ஒரு பிரதியும் பதிவாகாது. ஆக்கியவனுக்கு ஒரு சதமும் வராது. மீனாட்சி அம்மையின் பாட்டைக் கேட்டுச் சென்றோரையும் எவரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் மின்சாரக் கட்டணத்தை யாராவது கட்ட வேண்டும்; அதனைச் சங்கங்கள் ஏற்குமா, பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது பற்றி நம்மிடையே இன்னும் பேச்சுத் தொடங்கவில்லை.