பேரேடு ஒத்துப்போகாத ராத்திரி

கேபிள் லூஸ். எழுதிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் ராத்திரி அந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் செருகி, பாஸ்வேர்டு அடித்துத் திறந்தால், லினக்ஸ் ஒரு வரி எழுதிக் காட்டுகிறது: ஃபைல் சிஸ்டத்தில் பிழைகள் இருக்கின்றன, சோதனை ஓட்டுவது நல்லது.

உள்ளே பத்து வருடப் புகைப்படங்கள், என்கிரிப்ட் செய்து பூட்டியவை. வேறு காப்பி கிடையாது. வயிற்றைப் பிசையுமா, பிசையாதா?

பி.காம். படித்தவனுக்கு இந்த வியாதி புரியும். 1494-ல் வெனிஸில் லூக்கா பாசியோலி அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் மூன்று கணக்கு நோட்டுகள் வருகின்றன. சிட்டை, குறிப்பேடு, பேரேடு. குறிப்பேட்டில் ஏறாதது பேரேட்டுக்குப் போகக்கூடாது. வெனிஸ் வியாபாரிகளின் வழக்கத்தைத்தான் மனிதர் எழுதிவைத்தார்.

டிஸ்க்கிலும் ஒரு பேரேடு உண்டு. எந்த ஃபைல் எந்த இடத்தில், எந்த இடம் காலி என்று. பாதியில் கரண்ட் போனால் இரண்டும் முரண்படும். எழுபதுகளில் பெல் லாப்ஸில் யூனிக்ஸ்காரர்கள் இதைத் தனித்தனிப் புரோகிராம்களால் துருவித் துருவிப் பார்த்தார்கள். அப்புறம் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே வந்தது. முழு டிஸ்க்கையும் தணிக்கை செய்யும் ஆடிட்டர். சொந்தக்காரன் இல்லாத ஃபைலை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் போட்டுவிடும். நம் பாஷையில் அனாமத்துக் கணக்கு!

டிஸ்க் பெருத்தது. தணிக்கை மணிக்கணக்கில் இழுத்தது. 1990-ல் ஐபிஎம் தன் ஏஐஎக்ஸில் குறிப்பேடு முறையைக் கொண்டுவந்தது. பேரேட்டைத் தொடுமுன் குறிப்பேட்டில் எழுது. அதற்குப் பெயரே ஜர்னல்தான். 2001-ல் ஸ்டீஃபன் ட்வீடியின் உழைப்பில் எக்ஸ்ட்3 வழியாக லினக்ஸுக்கும் வந்தது. எனவே 'ஜர்னல் ரெகவரி முடிந்தது' என்று வந்தால் பயப்படாதீர்கள். விட்ட பதிவை ஏற்றியாயிற்று, அவ்வளவுதான். 'இத்தனை முறை மவுண்ட் ஆகிவிட்டது, சோதனை செய்' என்பதும் வண்டி சர்வீஸ் மாதிரி. 'பிழைகளுடன்' என்பது மட்டும் வேறு. பேரேட்டிலேயே முரண்பாடு தெரிந்து சிவப்பு மையால் குறித்திருக்கிறது. தணிக்கை முடியாமல் அந்தக் குறி அழியாது.

சரி, பூட்டு? லினக்ஸில் அதற்கு லக்ஸ் என்று பெயர். கிளெமென்ஸ் ஃப்ருஹ்விர்த் 2004-ல் உருவாக்கியது. உங்கள் பாஸ்வேர்டு உண்மையான சாவி அல்ல. சாவி டிஸ்க்கின் தலைப்பில், பாஸ்வேர்டால் பூட்டிய டப்பாவில் இருக்கிறது. தலைப்பு அழிந்தால் சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் பிரயோஜனமில்லை.

இப்போது அந்த எச்சரிக்கையைத் திரும்பப் படியுங்கள். பேரேட்டில் பிழை என்று சொல்ல, பேரேட்டை அது படித்திருக்க வேண்டுமல்லவா? அப்படியென்றால் பூட்டு திறந்துவிட்டது. சாவி பத்திரம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இதே டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று சாதுவாகக் கேட்கும். அதற்கு வெளியே தெரிவது வெறும் குப்பை எழுத்துகள்தான். ஆமாம் என்றால் தலைப்பு போய்விடலாம்.

நான் திறந்தேன். எழுத முடியாதபடி மவுண்ட் செய்து, முதலில் படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். பிறகு மவுண்டை எடுத்துவிட்டு, பூட்டு திறந்த நிலையிலேயே ஆடிட்டரைக் கூப்பிட்டேன். முதல் சுற்றில் எதையும் திருத்தாதே, சொல் மட்டும் என்றேன். அடுத்த சுற்றில்தான் திருத்த விட்டேன்.

அனாமத்தில் ஏழு ஃபைல்கள் கிடந்தன. பெயரில்லை, வெறும் எண்கள். ஒன்றைத் திறந்தேன். ரயில்வே பிளாட்பாரத்தில் அப்பா, கையில் காபி.