லிசார்ட் முனையும் மூன்று புள்ளிகளும்

பிரிட்டன் தீவின் படத்தை எடுத்து அதன் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். கார்ன்வால் என்னும் மாவட்டம் அட்லாண்டிக் கடலுக்குள் காலை நீட்டியது போல் கிடக்கும். அதன் கீழ்ப்புறத்தில் தெற்கு நோக்கி ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கிறது. பிரிட்டனின் பெருநிலத்திற்குத் தென்கோடி அதுதான். பெயர் லிசார்ட் முனை. ஆங்கிலம் கற்ற மாணவர்கள் உடனே பல்லியை நினைப்பீர்கள். பல்லிக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை. அப்பகுதியின் பழைய கார்னிஷ் மொழியில் 'உயர்ந்த இடத்திலுள்ள மன்றம்' என்று பொருள்படும் சொற்கள் திரிந்து இப்பெயர் ஆயிற்று என்பது அறிஞர் கருத்து.

பல்லி இல்லை, ஆனால் பாம்பு உண்டு, கல்லில்! இம்முனையின் பெரும்பகுதி செர்பன்டைன் என்னும் பாறையால் ஆனது. கரும்பச்சையும் சிவப்பும் கலந்து, மெருகேற்றினால் பாம்புத் தோல் போல் மின்னுவதால் அதற்கு அப்பெயர். இது மேற்பரப்பில் பிறந்த பாறை அன்று. நாம் நிற்கும் புவியோட்டிற்கும் அடியில், கவசம் என்று புவியியலார் கூறும் பகுதியில் இருந்தது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடல் இருந்தது. இருபுறத்து நிலங்களும் நெருங்கி அக்கடல் மூடியபோது, கடலடித் தரையின் ஒரு துண்டு, அதன் கீழிருந்த கவசப் பாறையோடு பெயர்ந்து நிலத்தின் மேல் ஏற்றப்பட்டது. நீர் புகுந்து வேதி மாற்றம் அடைந்த கவசப் பாறையே செர்பன்டைன். கைனன்ஸ் என்னும் சிறு விரிகுடாவில் கடலுக்குள் தனித்தனியே நிற்கும் பாறைத் தூண்களைத் தொடுபவர், புவியின் உட்பகுதியைத் தொடுகிறார்.

இப்பாறை சிதைந்து உண்டான மண்ணில் மக்னீசியம் மிகுதி. பயிருக்கு வேண்டிய சத்துக்கள் குறைவு. உழவனுக்கு அது ஏமாற்றம். ஆனால் கார்னிஷ் ஹீத் என்னும் குறும்புதர்ச் செடி இங்கேதான் செழித்து, கோடையின் இறுதியில் வெளிர்நீலச் சிவப்பாய்ப் பூக்கிறது. பிரிட்டனில் வேறெங்கும் அதை இவ்வளவாகக் காண முடியாது. கீழே கடலில் சாம்பல் நிறச் சீல்கள் பாறைமேல் ஏறி வெயில் காயும்.

அழகாயிருக்கிறதே என்று மாலுமிகளிடம் சொல்லிவிடாதீர்கள்! ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் கப்பல்கள் பல நாள் கடற்பயணத்திற்குப் பின் முதலில் காணும் நிலம் இது. மூடுபனியில் அதைக் காணத் தவறியவை பாறையில் மோதின. 1619-இல் ஜான் கில்லிக்ரூ என்பவர் தம் செலவில் இங்கு ஒரு விளக்கு ஏற்றினார். உள்ளூரார் மகிழவில்லை. உடைந்த கப்பலின் சரக்கு கரை ஒதுங்குவது அவ்வூர் ஏழைகளுக்கு ஒரு வருமானம் அல்லவா? கப்பல்காரர்களும் கட்டணம் கொடுக்கவில்லை. விளக்கு அணைந்தது. நிலையான கலங்கரை விளக்கம் 1752-இல்தான் இரட்டைக் கோபுரங்களோடு எரியத் தொடங்கியது. 1878-இல் அது மின்னொளி பெற்றது. எடிசனின் மின்குமிழ் வருவதற்கு முந்திய ஆண்டு அது. எரிந்தது கார்பன் வில்விளக்கு.

விளக்கு இருந்தும் விபத்துகள் நிற்கவில்லை. 1907 மார்ச் 17 இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய சூவிக் என்னும் பயணிகள் கப்பல் பனிமூட்டத்தில் இம்முனைக்கு அருகே பாறையில் ஏறிவிட்டது. சுற்றுவட்டத்து நான்கு உயிர்காப்புப் படகுகள், துடுப்பு வலித்தே, 456 பேரைக் கரை சேர்த்தன. கப்பலில் இருந்த ஒருவரும் இறக்கவில்லை. பின்னர், பாறையில் சிக்கிய முன்பகுதியை வெடிவைத்து அறுத்துவிட்டுப் பின்பாதியை மட்டும் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திற்குக் கொண்டுசென்று, பெல்பாஸ்ட்டில் செய்த புதிய முன்பாதியை அதனுடன் ஒட்டினார்கள்!

கப்பல் எங்கே இருக்கிறது என்று கரைக்கு எப்படி அறிவிப்பது? 1872-இல் லிசார்டின் பாஸ் முனையில் ஒரு கொடிச் செய்தி நிலையம் எழுந்தது. கொடியோ பகலில் தெரியும்; பனியில் தெரியாது. கம்பியில்லாத் தந்தியைக் கொண்டு மார்க்கோனி இப்பகுதிக்கு வந்ததில் வியப்பில்லை. பாஸ் முனைக்கருகே அவர் அமைத்த மரக் குடிலில், 1901 ஜனவரி 23 அன்று, 299 கி.மீ. தொலைவிலுள்ள வைட் தீவிலிருந்து வந்த செய்தி கிடைத்தது. அக்குடில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

299 கி.மீ. என்பது தொடுவானத்தைத் தாண்டிய தொலைவு. இதனால் ஊக்கம் பெற்ற மார்க்கோனி, அட்லாண்டிக்கையே தாண்ட எண்ணினார். லிசார்ட் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் போல்டு என்னும் இடத்தில் பெரிய நிலையம் எழுந்தது. அதன் பொறிகளை வடிவமைத்தவர் பேராசிரியர் ஃபிளமிங். இடக்கை விதி, வலக்கை விதி என்று நீங்கள் படிக்கிறீர்களே, அதே ஃபிளமிங். வட்டமாக நிறுத்திய 20 கம்பங்களையும் செப்டம்பர் 17-ஆம் நாள் புயல் சாய்த்துவிட்டது. இரண்டு கம்பங்களுக்கிடையே விசிறிபோல் கம்பிகளைத் தொங்கவிட்டு வேலையைத் தொடர்ந்தனர்.

1901 டிசம்பர் 12. கனடாவின் கிழக்கோரம், நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் சிக்னல் குன்று. மார்க்கோனியும் உதவியாளர் கெம்ப்பும் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதில் கட்டிய கம்பியையே ஏரியலாகக் கொண்டு காத்திருந்தனர். போல்டுவிலிருந்து மோர்ஸ் முறையில் 'எஸ்' என்ற எழுத்து, அதாவது மூன்று புள்ளிகள், திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன. நண்பகல் 12-30 மணியளவில் அவை காதில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். தொலைவு ஏறக்குறைய 3,500 கி.மீ.

இப்போது ஒரு பென்சிலை எடுங்கள். ஒளியைப் போல நேர்கோட்டில் செல்லும் அலைக்கு, இரு இடங்களுக்கும் நடுவே புவியின் வளைவு எவ்வளவு உயரம் மறிக்கும்? தொலைவின் வர்க்கத்தைப் புவி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். ஆரம் 6,400 கி.மீ. விடை, சுமார் 240 கி.மீ. எவரெஸ்டைப் போல் 27 மலைகளை அடுக்கிய உயரத்திற்கு ஒரு நீர்மலை! அதைத் தாண்டி அலை எப்படிப் போயிற்று? 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஒரு விடை கூறினர்: வானில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அது அலைகளைக் கீழே திருப்பி அனுப்புகிறது. 1924-இல் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அவ்வடுக்கு ஏறக்குறைய 100 கி.மீ. உயரத்தில் இருப்பதை அளந்தே காட்டினர். அயனி மண்டலம் பாடநூலுக்குள் வந்தது இவ்வழியாகத்தான்.

ஆனால் அதே அயனி மண்டலம் மார்க்கோனிக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறது. பகலில் சூரியக் கதிர்களால் அதன் கீழடுக்கு வலுப்பெற்று, நடுத்தர அலைகளை விழுங்கிவிடும். இரவில் தொலைதூர நிலையங்கள் உங்கள் வானொலியில் கேட்பதும் பகலில் மறைவதும் இதனால்தான். 1901-இல் செய்தி கேட்டதாகக் கூறப்பட்டதோ நண்பகல். வழி முழுதும் வெயில். காதால் கேட்ட இருவரைத் தவிர வேறு சாட்சி இல்லை; தாளில் பதிவும் இல்லை. இடியும் மின்னலும் உண்டாக்கும் இரைச்சலைப் புள்ளிகளாகக் கேட்டிருக்கலாமே என்று அன்றே ஐயுற்றவர் உண்டு.

ஐயத்தைத் தீர்க்க மார்க்கோனி இரண்டே மாதத்தில் செய்ததுதான், என் கருத்தில், அவருடைய உண்மையான வெற்றி. 1902 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா என்ற கப்பலில் ஏறி, போல்டுவின் செய்திகளைத் தாள் நாடாவில் பதிந்துகொண்டே மேற்கே சென்றார். கப்பல் தலைவர் பார்த்துக் கையொப்பமிட்டார். இரவில் முழுச் செய்தி சுமார் 2,500 கி.மீ. வரையிலும், 'எஸ்' எழுத்து சுமார் 3,380 கி.மீ. வரையிலும் பதிவாயின. பகலிலோ 1,100 கி.மீ.-உடன் நின்றுவிட்டது! பகல்-இரவு வேறுபாட்டை உலகம் முதலில் அறிந்தது இப்பயணத்தில்தான். மார்க்கோனியின் பழைய கூற்றுக்கு இதைவிடப் பெரிய கேள்விக்குறியும் இல்லை. பொறிவழி அனுப்பும் கருவி பல அலைநீளங்களை ஒருசேர வீசும். அவற்றுள் குறுகிய அலைகள் பகலிலும் கடந்திருக்கக்கூடும். கப்பலில் இருந்த இசைவு செய்த கருவி அவற்றை ஏற்றிராது என்று அவர் பக்கம் வாதிடுவோரும் உளர். நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல நான் துணியமாட்டேன்.

சிக்னல் குன்றில் பயன்பட்ட உணர்கருவி பாதரசத் துளி கொண்ட 'இத்தாலியக் கடற்படைக் கோஹிரர்'. இரும்பும் பாதரசமும் தொலைபேசியும் சேர்ந்த இத்தகைய அமைப்பை நம் ஜகதீச சந்திர போஸ் 1899-இல் ராயல் சொசைட்டிக் கட்டுரையில் விவரித்திருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போல்டுவில் 1923 முதல் ஃபிராங்க்ளின் என்பவர் சிற்றலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பும் சோதனைகளைச் செய்தார். அதன் பயன் நம் நாட்டையும் எட்டியது. 1927-இல் பூனா அருகே கிர்க்கியிலும் தௌண்டிலும் அமைந்த நிலையங்கள் வழியே இங்கிலாந்துடன் கம்பியில்லாத் தந்தி தொடங்கிற்று.

லிசார்டின் கதை அங்கே முடியவில்லை. உள்நாட்டில் கூன்ஹில்லி என்னும் வெட்டவெளி, டெல்ஸ்டார் செயற்கைக்கோளுக்கான நிலையத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. செர்பன்டைன் பாறை உறுதியான அடித்தளம். சுற்றிலும் மின்இரைச்சல் குறைவு. 1,100 டன்னுக்கு மேல் எடையுள்ள, 26 மீ. அகலக் கிண்ணம் வானை நோக்கி நின்றது. 1962 ஜூலை 11 அதிகாலையில் அமெரிக்காவிலிருந்து படம் வந்தபோது பிரான்ஸில் தெளிவாகத் தெரிந்தது. இங்கே மங்கலாகத் தெரிந்தது. காரணம் என்ன தெரியுமா? செயற்கைக்கோள் அனுப்பிய அலை சுழன்று வருவது. அது வலச்சுழியா இடச்சுழியா என்பதை எந்தப் பக்கம் நின்று பார்த்துச் சொல்வது என்பதில் இரு நாட்டுப் பொறியாளருக்கும் பொருள் மாறிவிட்டது! ஒரு சிறு உறுப்பைத் திருப்பி வைத்தார்கள்; மறுநாள் படம் தெளிந்தது. வகுப்பில் குறியீட்டு மரபுகளை அலட்சியம் செய்யும் மாணவர்களுக்கு நான் இக்கதையைச் சொல்வதுண்டு. 'ஆர்தர்' என்று பெயரிட்ட அக்கிண்ணம் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம். அருகிலுள்ள 32 மீ. கிண்ணம் 2021-இல் புதுப்பிக்கப்பட்டு, தொலைவிண்வெளிக் கலங்களோடு பேசுகிறது.

போல்டுக் கம்பங்கள் இப்போது இல்லை. நிலையம் 1930-களில் மூடப்பட்டுப் பிரிக்கப்பட்டது. நூற்றாண்டையொட்டி 2001-இல் அங்கு ஒரு சிறு காட்சியகம் திறந்தார்கள். அதே ஆண்டு லிசார்டுக்கு வேறு விருந்தினரும் வந்தனர். 'சஃப்' என்பது சிவந்த அலகும் சிவந்த காலும் கொண்ட காகம். கார்ன்வாலின் சின்னத்திலேயே இடம்பெற்ற பறவை. மேய்ச்சல் குறைந்து புல் உயர்ந்ததால், மண்ணைக் கிளறிப் பூச்சி தேடும் அதற்கு இரை கிடைக்கவில்லை. வேட்டையும் சேர, 1973-இல் கடைசிப் பறவையும் இறந்தது. 2001-இல் மூன்று சஃப் பறவைகள் யாரும் கொண்டுவராமல் கடல் கடந்து தாமே வந்து இறங்கின. அவை அயர்லாந்திலிருந்து வந்தவை என்பது பின்னர் மரபணுச் சோதனையில் தெரிந்தது. அடுத்த ஆண்டே ஓர் இணை செங்குத்துப் பாறைக் குகையில் கூடு கட்டி மூன்று குஞ்சுகள் பொரித்தது. அருகே மாடுகளையும் குதிரைகளையும் மேயவிட்டுப் புல்லைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள்.