பல்லாவரத்துப் பாறையும் தீப்பாறை வகைப்பாட்டின் வரலாறும்

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தரைக்கு மேல் தலைகாட்டும் கருநிறப் பாறை, கட்டடத் தொழிலாளருக்குக் கருங்கல்லாகவும் ஜல்லியாகவும் பழகிய பொருளே எனினும், நிலவியலில் அது சார்னோகைட் என்னும் பாறை வகைக்கு மூல மாதிரியாக விளங்குகிறது. அது எவ்வாறு உருவானது என்பது பற்றி நெடுங்காலம் நடந்த விவாதத்தைத் தொடர்ந்து பார்த்தால், தீப்பாறைகளை எந்த அடிப்படையில் பிரித்துப் பெயரிடுவது என்ற கேள்விக்கு அறிவியல் படிப்படியாக விடை கண்ட வரலாறும் விளங்கும்.

புவியின் உள்ளே உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகுவதால் உண்டாவது தீப்பாறை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த அடிப்படைக் கருத்தே விவாதத்துக்குரியதாக இருந்தது. கிரானைட்டும் பசால்ட்டும் ஆதிக் கடலில் படிந்தவை என்று ஜெர்மனியின் பிரைபெர்க் சுரங்கக் கல்லூரி ஆசிரியர் வெர்னர் கற்பித்துவந்தார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டனோ, 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் கிரானைட் நரம்புகள் பழைய பாறையடுக்குகளைப் பிளந்துகொண்டு புகுந்திருப்பதைக் கண்டு, கிரானைட் உருகிய நிலையில் கீழிருந்து வந்தது என்பதற்கு அதையே சான்றாக்கினார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால், பசால்ட் வகைக் கற்களை உலையில் உருக்கி, விரைந்து குளிர்ந்தால் அவை கண்ணாடியாகவும் மெல்லக் குளிர்ந்தால் படிகமாகவும் இறுகுவதை 1798-இல் செய்துகாட்டினார்.

இதிலிருந்து வகைப்பாட்டின் முதல் அளவுகோல் உறுதிபெற்றது. ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த குழம்பில் படிகங்கள் பெரிதாக வளர்வதால் கிரானைட் போன்ற ஆழ்நிலைப் பாறைகள் பருமணிகளோடு அமைகின்றன. எரிமலை வழியே வெளிவந்து விரைந்து குளிர்ந்தவை பசால்ட்டைப் போல நுண்மணிகளோடு அமைகின்றன. இரண்டாம் அளவுகோல் சிலிக்காவின் அளவு. இன்றைய வழக்கில் 63 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா கொண்டவை அமிலப் பாறைகள், 52 முதல் 63 வரை கொண்டவை இடைநிலைப் பாறைகள், 45 முதல் 52 வரை கொண்டவை காரப் பாறைகள், அதற்கும் குறைந்தவை மீகாரப் பாறைகள் எனப்படுகின்றன. மூன்றாவதாக, பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் ஆராயும் முறையை ஹென்றி சார்பி 1858-இல் வெளியிட்ட ஆய்வு நிலைநாட்டியதால், கனிமங்களை இனங்கண்டு பாறைக்குப் பெயரிடுவது இயல்வதாயிற்று.

இந்த முறைகளைக் கற்றுத் தேர்ந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு வந்தவர் தாமஸ் ஹென்றி ஹாலந்து. கல்கத்தாவில் 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த அவர், வண்டல் நிலமாகிய வங்காளக் கழிமுகத்தில் கிடைக்கவியலாத அந்தக் கல் சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியைச் சேர்ந்தது என்று கண்டு, 1893-இல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் கொண்டிருப்பதால் கிரானைட்டை ஒத்த அந்தப் பாறையைத் தனித்துக் காட்டியது, இரும்பும் மக்னீசியமும் கலந்த சிலிக்கேட்டாகிய ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம். நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளிலும் இதன் உறவுப் பாறைகளைக் கண்ட ஹாலந்து, அமிலப் பாறை முதல் மீகாரப் பாறை வரை அனைத்தும் ஒரே பாறைக்குழம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை என 1900-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் வாதிட்டார்.

அந்த முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை. சாதாரண கிரானைட்டில் காணப்படும் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் ஆகிய கனிமங்கள் தம் கட்டமைப்பில் நீரைக் கொண்டவை. ஹைப்பர்ஸ்தீனுக்கோ நீர் தேவையில்லை. ஆகவே சார்னோகைட் கடும் வெப்பமும் மிகுந்த அழுத்தமும் உடைய, நீர் அற்ற ஆழ்சூழலில் உண்டாக வேண்டும் என்பதும், குழம்பு இறுகித்தான் அந்நிலை வரவேண்டும் என்பதில்லை, ஏற்கெனவே இருந்த பாறை திட நிலையிலேயே உருமாறியும் வரலாம் என்பதும் தெளிவாயின. ஏ. பி. சுப்பிரமணியம் 1959-இல் சென்னைப் பகுதியை மறுஆய்வு செய்து, அமிலப் பாறைகளை மட்டுமே சார்னோகைட் தொகுதியில் நிறுத்தி, காரப் பாறைகளை அதிலிருந்து விலக்கினார். அடுத்த ஆண்டே சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் நைஸ் என்னும் வரிப்பாறையின் நடுவே சார்னோகைட் திட்டுகள் உருவாகி வரும் நிலையை விளக்கினார். ஹாலந்து குழம்பின் பிள்ளை எனக் கொண்ட பாறை, உருமாற்றத்தாலும் பிறக்கக்கூடும் என்பதற்கு அங்கே கண்கூடான சான்று கிடைத்தது.

தோற்றம் இருவகைப்பட்டால் பெயர் என்னாவது என்னும் சிக்கலுக்கு, சுவிட்சர்லாந்து நிலவியலாளர் ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் தீப்பாறை வகைப்பாட்டை ஒழுங்குசெய்த பன்னாட்டுக் குழு வழிகண்டது. குவார்ட்ஸ், கார பெல்ஸ்பார், பிளேஜியோகிளேஸ் ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு பருமணிப் பாறைகளுக்குப் பெயரிடும் அம்முறையில், ஹைப்பர்ஸ்தீனைக் கொண்ட கிரானைட் சார்னோகைட் எனவும், பிளேஜியோகிளேஸ் மிகுந்த அதன் இணைவகை, அண்டார்க்டிகாவின் எண்டர்பி நிலத்தையொட்டி எண்டர்பைட் எனவும் வரையறுக்கப்பட்டன. அளந்து காட்டத்தக்க கனிம விகிதம் பெயருக்கு அடிப்படையாயிற்று. ஊகித்து அறியவேண்டிய தோற்றம் தனிக் கேள்வியாகப் பிரிக்கப்பட்டது.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய சென்னைச் சார்னோகைட், குழம்பாகப் பிறந்து பின்னர் ஆழத்தில் உருமாற்றத்துக்கும் உள்ளானது என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. பல்லாவரத்தை ஒட்டிய பாறை வெளிப்பாட்டை நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. ஹாலந்தின் விளக்கம் திருத்தப்பட்டும் அவர் இட்ட பெயர் உலக வழக்கில் நிலைத்ததற்குக் காரணம், அவர் பாறையின் பிறப்பைப் பற்றிச் சொன்னதில் இல்லை. கல்லறைக் கல்லின் மெல்லிய சீவலில் அவர் இனங்கண்ட கனிமங்களை எவரும் மீண்டும் பார்த்து உறுதிசெய்யலாம் என்பதில் இருக்கிறது.