ஓரிடம் தாங்கியது

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தால், டாக்டர் ஸாமர்வெல்லின் பெயரும் கூடவே வரும். அறுவைக் கத்தி பிடித்த கைராசிக்காரர். எனக்கோ, அதே கை ஒரு நாள் பனியைத் தோண்டி ஆட்களைத் தேடியது என்பதுதான் மறப்பதில்லை.

1922 ஜூன் 7. எவரெஸ்டின் வடக்குக் கணவாய்க்கு ஏறும் சரிவு. மாலரி, ஸாமர்வெல், கிராஃபோர்டு என்ற மூன்று வெள்ளையரும் 14 சுமைகாரர்களும் நான்கு கயிறுகளில் பிணைந்து ஏறினார்கள். சில நாள் முன்புதான் கனத்த பனி பெய்து ஓய்ந்திருந்தது. ஓரிடத்தை மிதித்துப் பரீட்சை பார்த்தார்கள், அசையவில்லை. துணிந்துவிட்டார்கள்.

அங்கேதான் பனி ஏமாற்றுகிறது. புதுப்பனி பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள நாள் பிடிக்கும். ஒட்டாத அடுக்கு, சாய்த்த பலகைமேல் விரித்த ஜமக்காளம். ஓரிடத்தில் தாங்கும், இன்னோரிடத்தில் ஆள் பாரம் பட்டதும் பிளந்து, மொத்தமாக வழுக்கும்.

பிற்பகல் ஒன்றரை மணி. வெடிமருந்து வெடித்தாற்போல் ஒரு சத்தம். வெள்ளையர் மூவரும் புதைந்த பனியிலிருந்து மீண்டுவிட்டார்கள். கீழே வந்த 9 சுமைகாரர்கள் பனிச் செங்குத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தார்கள். தோண்டி எடுத்ததில் இருவர் பிழைத்தார்கள்.

தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று ஸாமர்வெல் பின்னால் எழுதினார். அந்த வருஷமே நெய்யூருக்கு வந்தார். நோயாளிக் கூட்டத்தைக் கண்டார். அங்கேயே பணிபுரியத் தீர்மானித்தார். இதற்கு அதுதான் காரணம் என்று நான் முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் பனிமலைக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்கட்டும்: பரீட்சை பார்த்துத் துணிந்தவர்கள் மூவர், மாண்டவர்கள் எழுவர். அந்த மூவரில் ஒருவர்கூட அந்த எழுவரில் இல்லை.