மோர்ப்பானையும் மெழுகுவர்த்தியும்

திருத்தலங்களின் வரலாற்றை எழுதுவோர் ஆயர்களின் வருகையையும் கோபுரங்களின் உயரத்தையும் தவறாமல் குறித்துவைக்கின்றனர். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்துவிடுகிறது. ஆயின் வேளாங்கண்ணியின் வரலாற்றைத் தொடங்கிவைத்தவர்கள் கல்வெட்டில் இடம்பெறத்தக்க நிலையில் இருந்தவர்கள் அல்லர். ஒருவன் பால் சுமந்த சிறுவன். மற்றவன் மோர் விற்ற சிறுவன். இருவரும் அன்றாடப் பிழைப்புக்காக வெயிலில் நின்றவர்கள். கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் சிறுவணிகர்களைப் பற்றி இம்மாதம் எண்ணிப் பார்க்க முற்படும் நாம், இவ்விருவரிடமிருந்தே தொடங்குவது முறையாகும்.

இம்மரபு வாய்மொழியாக வழிவழி வந்தது என்பதை நாம் அறிவோம். நாகப்பட்டினத்துச் செல்வர் ஒருவருக்குப் பால் கொண்டுபோன சிறுவன், வழியில் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறினான். அன்னை தோன்றித் தம் குழந்தைக்குப் பால் கேட்டார். கொடுத்தான். பின்னர் செல்வரின் வீட்டுக்குச் சென்றவன், காலம் தாழ்ந்தமைக்கும் அளவு குறைந்தமைக்கும் மன்னிப்புக் கேட்டான் என்கிறது மரபு. பாத்திரத்தைத் திறந்தபோது பால் பொங்கி வழிந்தது. நாம் பொங்கிய பாலை வியக்கின்றோம்; அதற்கு முன் நிகழ்ந்ததைக் கவனிப்பதில்லை. அளவு குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் தானே சென்று சொன்ன ஒரு சிறுவணிகனின் நேர்மை அது.

இரண்டாம் நிகழ்ச்சி நடுத்திட்டில் நடந்தது. கைம்பெண் ஒருவரின் மகன், கால் ஊனமுற்றவன், வழிப்போக்கர்க்கு மோர் விற்றுக்கொண்டிருந்தான். அன்னை வந்து மோர் கேட்டார், குழந்தைக்குக் கொடுத்தார். நாகப்பட்டினத்துச் செல்வரிடம் சென்று இங்கு ஆலயம் எழுப்பச் சொல்லுமாறு பணித்தார். நடக்க இயலாதவன் எழுந்து ஓடினான். கூரை வேய்ந்த சிற்றாலயம் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில், மக்காவிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற போர்ச்சுக்கீசியக் கப்பலொன்று புயலில் சிக்கி, அன்னையின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 8 அன்று இங்குக் கரைசேர்ந்ததாகவும், அம்மாலுமிகள் நன்றியாக ஆலயத்தைக் கட்டியெழுப்பியதாகவும் மரபு தொடர்கிறது.

அந்நாளில் இக்கரையின் பெருவணிகம் வடக்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்தில் நடந்தது. 1658இல் டச்சுக்காரர் அத்துறைமுகத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690இல் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கு மாற்றினர். 1781இல் ஆங்கிலேயர் அதனைப் பறித்துக்கொண்டனர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1799இல் கலைக்கப்பட்டது. துப்பாக்கியும் கோட்டையும் வைத்து நடத்திய வணிகம் இவ்வாறு மறைந்தது. ஆனால் திருப்பயணி ஒருவரின் தாகத்தைத் தணித்துக் காசு பெறும் வணிகம் மறையவில்லை. 1771இல் வேளாங்கண்ணி தனிப்பங்கு ஆயிற்று. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இருப்புப்பாதை இடப்பட்டபின் தொலைவிலிருந்து வருவோருக்கு வழி எளிதாயிற்று. 1952இல் தஞ்சை மறைமாவட்டம் உருவானது. 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் இவ்வாலயத்தைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். 2010இல் தொடர்வண்டி வேளாங்கண்ணிக்கே வந்துசேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் கூட்டம் பெருகியது; கூட்டத்தோடு கடைகளும் பெருகின.

அக்கடைகளில் ஒன்றின் ஒருநாளைப் பார்ப்போம். விடியற்காலைப் பூசைக்கு வருவோரை எதிர்நோக்கி இருட்டிலேயே பலகை எடுக்கப்படுகிறது. வாசலில் நீர் தெளித்து, மெழுகுவர்த்திகள் உயரவாரியாக நிறுத்தப்படுகின்றன. கை, கால், கண், வீடு ஆகியவற்றின் தகட்டு உருவங்கள் தட்டில் பரப்பப்படுகின்றன. செபமாலை, சுரூபம், சங்குமாலை, பிள்ளைவரம் கேட்போர்க்கு மரத்தொட்டில், நேர்ந்துகொண்டோர்க்குத் தென்னம்பிள்ளை என அவரவர் வேண்டுதலுக்கு ஏற்ற பொருள் அங்கு உண்டு. உச்சிவெயிலில் மெழுகு வளையும். ஈரச்சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். உப்புக்காற்றில் தகடு துருப்பிடிக்கும். சுரூபத்தின் வண்ணம் உரியும். ஆகவே இவ்வாண்டு விற்காத சரக்கை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்க இயலாது. மலையாளம், தெலுங்கு, இந்தி, கொங்கணி என வருவோரின் மொழியிலெல்லாம் விலை சொல்லக் கடைக்காரர் கற்றுக்கொண்டிருக்கிறார். அவற்றை அவருக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை.

ஆண்டின் கணக்கோ ஆகஸ்டு 29 கொடியேற்றம் தொடங்கிச் செப்டம்பர் 8 வரையிலான பதினொரு நாள்களில் அடங்கியிருக்கிறது. அதற்கான சரக்கை ஆடி மாதத்திலேயே வாங்கியாக வேண்டும். கையில் பணம் இல்லாதவர் தண்டலுக்குப் போகிறார். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் வட்டியைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவதும், நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வசூலிப்பதும் அத்தொழிலின் வழக்கமான கணக்கு. முதல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், உண்மை வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் அவசரத்துக்கு வாசலில் வந்து கொடுப்பவரைச் சட்டத்தைக் காட்டித் திருப்பியனுப்ப ஏழையால் முடிவதில்லை. நூறு நாளில் திருவிழா பதினொரு நாளே. எஞ்சிய நாள்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நோக்கி நகர்கின்றன.

ஆதலால் இவ்வணிகர் பலர் ஒரே விழாவை நம்பி இருப்பதில்லை. வேளாங்கண்ணிக் கொடி இறங்கியதும், ஐப்பசியில் சிக்கல் முருகன் கோயில் கந்தசட்டிக்கும், நாகூர்க் கந்தூரிக்கும் அதே தட்டும் தார்ப்பாயும் பயணப்படுகின்றன. சமய நல்லிணக்கத்தைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். அவர்களோ அதனைத் தலைச்சுமையாகச் சுமந்து ஊரூராகப் போகிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பப் பெருவிழா. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த திருப்பயணிகள் பலர் கடற்கரையில் இருந்தனர். காலையில் எழுந்த ஆழிப்பேரலை, கரைக்கும் ஆலயத்துக்கும் இடையிலிருந்த கடைகளை அடித்துச் சென்றது. தமிழகம் முழுவதும் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில், 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்பதை அந்நாள்களில் பலரும் வியந்து பேசினர். நாமும் பேசினோம். உள்ளிருந்தோர் பிழைத்ததற்கு நன்றி கூறியது தவறன்று. ஆனால் அதே மூச்சில், வாசலுக்கு வெளியே கடை விரித்திருந்தவர்களை மறந்தோமே, அது தவறு. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று ஆண்டவர் உணர்த்தியதை இறையியல் பயின்ற நாம் நினைவில் கொண்டிருக்க வேண்டும். ஆலயத்துக்கும் கடலுக்கும் நடுவே அவர்களை நிறுத்தியது அவர்களது பிழைப்பு, பாவம் அன்று.

ஓர் ஒப்புதலையும் இங்குச் செய்தாக வேண்டும். இளங்குருவாக இருந்த காலத்தில், எருசலேம் ஆலயத்தை இயேசு தூய்மைப்படுத்திய பகுதிக்கு மறையுரை ஆற்றுகையில், திருத்தலக் கடைக்காரர்களைக் கடிந்து பேசினோம். பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தி விற்கும் மூதாட்டி ஒருவர் வந்தார். “சாமி, கொளுத்துற மெழுகுவர்த்தி புண்ணியம், விக்கிற கை பாவமா?” என்று கேட்டார். அன்று விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டோம். பின்னர் விவிலியத்தைத் திறந்தபோது இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. யோவான் நற்செய்தியில் காசு மாற்றுவோரின் மேசைகள் கவிழ்க்கப்படுகின்றன. புறா விற்போரிடமோ அவற்றை எடுத்துப்போகுமாறு சொல்லப்படுகிறது. மேலும், ஆட்டுக்குட்டிக்கு வழியற்ற ஏழைகளின் காணிக்கை புறா. குழந்தை இயேசுவைக் காணிக்கையாக்க வந்த நாளில் மரியா அளித்ததும் அந்த ஏழைக் காணிக்கையே. எளிய ஒரு விற்பனையாளரிடம் அவர் அதனை வாங்கியிருக்கக் கூடும் அன்றோ?

கடைக்காரர் அனைவரும் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. மொழி அறியாத திருப்பயணியிடம் இருமடங்கு விலை சொல்வோர் உண்டு; கையைப் பிடித்து இழுத்து வற்புறுத்துவோர் உண்டு. பால்காரச் சிறுவனின் மரபில் வந்த ஊருக்கு அது அழகன்று. ஆயினும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு உண்டியலில் ஆயிரம் இடும் நம் கைகளையும் நாம் சற்றே பார்த்துக்கொள்வது நன்று.

2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல், இப்பகுதியின் தென்னைகளைச் சாய்த்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் பெருந்தொற்றின் காரணமாகத் திருப்பயணிகள் இன்றியே திருவிழா நடந்தது. கொடி ஏறியது, கடைத்தெரு அடைந்து கிடந்தது. பதினொரு நாளை நம்பி ஓராண்டை ஓட்டுவோர்க்கு இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. ஆயினும் வழி திறந்ததும் மீண்டும் பலகை எடுத்தார்கள்; வாசல் தெளித்தார்கள்.

அந்த மோருக்கு அன்னை என்ன விலை கொடுத்தார் என்று மரபு சொல்லவில்லை. பையன் எழுந்து தன் காலில் நின்றான் என்று மட்டும் சொல்கிறது. இன்று அத்தெருவில் கடை வைத்திருப்போர் கேட்பதும் அதுவே. அடுத்த முறை வேளாங்கண்ணி செல்லும்போது, பேராலயத்தின் வாசலை அடையும் முன்னர், அவ்வாசலுக்கு வெளியே அமர்ந்திருப்பவரின் முகத்தையும் ஒருகணம் நின்று பார்ப்போம். அன்னையும் முதலில் அவர்களிடம் வாங்கவே வந்தார்.